விற்கப்போகிற க்ரூஸருக்கு என்ன செலவு செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 24. ஊர் திருமங்கலம். போன மாதம் தாழ்ந்த சீட் உள்ள க்ரூஸர் பைக் ஒன்று, பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸ், 2016 மாடல், 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே ஓனர் ஓட்டிய வண்டி. கையில் இன்னும் 20,000 இருக்கிறது. உயரமான ஹேண்டில்பார், பின்னால் பெரிய டயர், நல்ல சத்தம் வருகிற சைலன்சர், மேட் பிளாக் பெயிண்ட் எல்லாம் செய்தால் 85,000 வரை போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது, கையெழுத்துப் போட்ட பாரம் என்னிடம் உள்ளது. இந்த வண்டி நல்ல விலைக்குப் போனால் இதையே தொழிலாகச் செய்யலாமா?

பதில்: தம்பி, முதலில் விலையைப் பேசிவிடுவோம். 85,000 வராது. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையில் க்ரூஸர் தேடுகிறவர் 2016 அவெஞ்சர் முன்னால் வந்து நிற்கமாட்டார். அதைவிடப் புதிய அவெஞ்சரைப் பார்ப்பார், இல்லையென்றால் ஓரளவு நல்ல பழைய ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 350 ஒன்றைப் பேசிப் பார்ப்பார். உங்கள் வண்டி சுத்தமாகவும் பேப்பர் சரியாகவும் இருந்தால் ஐம்பத்தெட்டு முதல் அறுபத்திரண்டாயிரம் வரை எதிர்பார்க்கலாம் என்பது என் கணக்கு. கையில் உள்ள 20,000 முழுவதையும் வண்டியில் கொட்டினால் உங்கள் அசலே 62,000 ஆகிவிடும். ஆக, பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போகவே கூடாது. அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் நண்பர்கள் சொன்ன நான்கு வேலைக்கும் இல்லை.

ஏன் என்று கேட்டால், இந்த வண்டியை யார் வாங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம். காலேஜ் பையன்கள் வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். பணம் எடுத்து வைக்கிறவர் பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர். உயரம் கொஞ்சம் கம்மி, அல்லது முதுகுவலி. அவெஞ்சரின் சீட் 750 மில்லிமீட்டருக்கும் கீழே இருப்பதால் இரண்டு காலும் தரையில் பதியும், அதற்காகவே வருவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அழகர்கோவிலோ குலதெய்வம் கோவிலோ போய்வர வேண்டும், வருஷத்தில் ஒரு தடவை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏற வேண்டும். அவருக்குப் பின் சாய்மானம் வேண்டும், கைப்பிடி வேண்டும், சாரி கார்டு வேண்டும். நம் பையன்கள் கழற்றி எறிகிற முதல் சாமான் அந்த சாரி கார்டுதான்! பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்ட்டும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கழற்றியிருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள்.

சரி, உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். உயரமான ஹேண்டில்பார் விலை குறைவுதான், அதை மாட்டிய பிறகுதான் செலவு ஆரம்பிக்கும். கிளட்ச் கேபிள் எட்டாது, ஆக்சிலேட்டர் கேபிள் எட்டாது, முன் டிஸ்க்குக்குப் போகும் பிரேக் ஹோஸ் எட்டாது, சுவிட்ச் வயர்களும் எட்டாது. எல்லாவற்றையும் நீளமாக மாற்றினால் உங்கள் பட்ஜெட்டில் பாதி அங்கேயே போய்விடும். மாற்றாமல் இழுத்துக் கட்டித் தருகிற ஆட்களும் உண்டு. அப்படிக் கட்டிய வண்டியில் ஹேண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் ஹோஸ் விறைத்து நிற்கும். ஒருநாள் அது கழன்றால் முன் பிரேக் கிடையாது. வயரை வெட்டி ஒட்டுப்போட்ட வண்டியை நான் வாங்கமாட்டேன், எனக்குத் தெரிந்த எந்த வியாபாரியும் வாங்கமாட்டார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு இரண்டு இருந்தால் நாலாயிரம் குறைத்துத்தான் கேட்போம்.

பெரிய டயர் இன்னும் வீண். உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது பின்னால் 130/90-15. இதுவே இந்த வகுப்பில் அகலமான டயர். 150 போட்டால் ஒரு பக்கம் செயினோடு உரசும், ரிம் அகலம் பத்தாமல் டயர் உருண்டு நிற்கும், வளைவில் வண்டி சாயவே யோசிக்கும். பிக்கப்பும் மைலேஜும் குறைவதை ஓட்டிப் பார்க்க வருகிறவர் அரை கிலோமீட்டரிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சைலன்சர் விஷயம் சட்டத்தோடு மோதுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். சத்தத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதில் முதல் தடவையே 10,000 வரை போகும். கோரிப்பாளையம் சிக்னலில் பிடித்தால் உங்கள் லாபம் அங்கேயே முடிந்தது. சட்டத்தை விடுங்கள், இன்ஜினுக்கும் அது ஆகாது. உங்களுடையது கார்ப்பரேட்டர் வண்டி. சைலன்சரை மட்டும் திறந்துவிட்டு, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட்டை அப்படியே வைத்தால் கலவையில் காற்று கூடி, ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் படபடவென்று வெடிக்கும், சூடும் ஏறும். அந்த நீளமான குரோம் சைலன்சர்தான் க்ரூஸுக்கே அழகு, அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு மூவாயிரம் ரூபாய்க் குழாயை மாட்டுவானேன்?

மேட் பிளாக். பார்க்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேட் பெயிண்டில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்க முடியாது. நம் ஊர் வெயிலில் வருஷம் முழுக்க நிற்கிற வண்டிக்குக் கையெண்ணெய்க் கறை, சாம்பல் பூத்த மாதிரி திட்டு என்று சீக்கிரமே முகம் மாறிவிடும். அதைவிட முக்கியம், வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதையும் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் பெயர் மாற்றத்தில் இடிக்கும். அப்புறம், நிறம் மாறிய வண்டியைப் பார்த்தாலே வாங்குகிறவருக்கு முதலில் தோன்றுவது, எங்கோ அடிபட்டுத் தேற்றிய வண்டி என்றோ திருட்டு வண்டி என்றோதான். ஸ்டிக்கர் சுற்றினாலும் இதே கதைதான்.

இப்போது பணத்தை எங்கே போட வேண்டும் என்று சொல்கிறேன். பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். ஆயில், ஃபில்டர் மாற்றி, கார்ப்பரேட்டர் கழுவி, டேப்பெட் (வால்வு இடைவெளி) சரிபாருங்கள். உங்கள் இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் உண்டு. கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுகிற பழக்கம் நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது. பக்கத்தில் நின்று இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள். முன்னால் இருக்கிற ஆயில் கூலரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும், மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். வேகமாக அடிக்கிற வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அதன் மேல் நேராகக் காட்ட வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

செயினையும் ஸ்பிராக்கெட்டையும் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்தால் பல்லை விட்டு நன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறதா? வந்தால் செட்டாக மாற்றுங்கள், செயின் மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது. வண்டியைக் கட்டை வைத்து நிறுத்தி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்து பேரிங், போய்விட்டது என்று அர்த்தம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கை முன்னும் பின்னும் இழுத்து ஆட்டம் பாருங்கள். ஃபோர்க் குழாயில் ஈரமாக ஆயில் வளையம் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். க்ரூஸுக்கு ஸ்போக் வீல், ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்துவிடுங்கள், சில நூறு ரூபாய் வேலை. அது செய்த வண்டி எழுபது கிலோமீட்டரில் போகும்போது ஹேண்டில் உதறாது. ஓட்டிப் பார்க்கிறவர் காரணம் தெரியாமலே வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

டயர் கட்டை தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் தேதியையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3218 என்றால் 2018-ம் வருடத்தின் 32-வது வாரம் செய்தது. கட்டை இருந்தும் ரப்பர் கல்லாகிப்போன பழைய டயர் மழையில் வழுக்கும், ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரியும். விவரம் தெரிந்தவர் அந்த எண்ணைத்தான் முதலில் படிப்பார். பட்ஜெட் இடித்தால் பின் டயரை மட்டும், அதே அளவில், மாற்றுங்கள்.

இன்ஜினில் நீலப் புகை வந்தால் மட்டும் கணக்கு மொத்தமாக மாறும். ஆயில் எரிகிறது, ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்தால் லாபம் இல்லை, மறைத்து விற்றால் வாங்கியவர் பத்து நாளில் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். அப்படியிருந்தால் அந்தக் குறையைச் சொல்லி, விலை குறைத்து, இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரிகிற வேலை மூன்றுதான் என் பட்டியலில். ஒன்று குரோம். மேலோட்டமான துரு என்றால் சமையல்கட்டில் இருக்கிற அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள், அப்படியே இறங்கிவிடும். பிறகு மெழுகு பாலிஷ். உப்புத்தாளை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ராமநாதபுரம், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் துரு குழி பறித்திருக்கும், அதற்கு இந்த வைத்தியம் கேட்காது. அடுத்தது பெயிண்ட். டேங்கும் சைடு பேனலும் மங்கியிருந்தால் ஆர்.சி.யில் உள்ள அதே நிறத்தில் மட்டும், மேலே கிளியர் கோட்டோடு. லேசான மங்கல் என்றால் ரப்பிங் பாலிஷே போதும், பெயிண்ட் காசு மிச்சம். பெயிண்ட்டுக்கு விடும்போது டேங்கின் உள்ளே டார்ச் அடித்துத் துருவையும் பார்த்துவிடுங்கள், எப்படியும் கழற்றத்தானே போகிறார்கள்.

மூன்றாவது சீட். உங்கள் கைவண்ணத்தைக் காட்ட ஆசை இருந்தால் அதற்கான இடம் இதுதான். ஃபோம் அமுங்கியிருந்தால் சரிசெய்து, அடர்பழுப்பு நிற ரெக்ஸினில் நேர்த்தியான தையலோடு புதுக் கவர் போடுங்கள். குரோமுக்கும் பழுப்புக்கும் அவ்வளவு பொருத்தம். ஆர்.சி.க்கு இதில் சம்பந்தமே இல்லை, பிடிக்காதவர் நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆயிரத்து சொச்சத்தில் முடிகிற வேலை. வண்டிக்கு வயது இரண்டு மூன்று குறைந்தது போல் தெரியும். புது ஹேண்டில் கிரிப்பும் இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்த்தால் போதும். கூடுதல் எல்.இ.டி. லைட்டு, சரம் சரமாக விளக்கு, எதுவும் வேண்டாம்.

என் கணக்கில் சர்வீஸும் கேபிளும் மூவாயிரம், செயின் செட் இரண்டு முதல் இரண்டரை, பின் டயர் மூன்றுக்குள், சீட்டும் பாலிஷும் இரண்டு, சில்லறை வேலை ஆயிரம். மீதி பேப்பருக்கு. கடைக்குக் கடை இது முன்பின் ஆகும். பெயிண்ட் அவசியப்பட்டால் வேறொன்றைக் குறைக்க வேண்டும்.

அந்தப் பேப்பர்தான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது. விற்றதைத் தெரிவித்துப் பெயர் மாற்றுவதற்கான 29, 30-ம் நம்பர் பாரத்தைக் கையெழுத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கைமாற்றிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது. பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் ஓடிய ஒரு வண்டி விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது இன்றைக்கு உங்கள் வண்டியால் யாருக்காவது அடிபட்டால், எப்போதோ வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற அந்தப் பழைய ஓனர் தலையில் விடியும். நாளைக்கு நீங்களும் அதே இடத்தில் நிற்கக்கூடும்.

உங்கள் பெயருக்கு மாற்றினால் வாங்குகிறவர் மூன்றாவது ஓனர் ஆவார், அதற்காக ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துக் கேட்பார்கள், உண்மைதான். குறைத்தே கொடுங்கள். ஓபன் பாரத்தோடு நிற்கிற வண்டிக்கு அதைவிட அதிகமாகக் குறைப்பார்கள், குடும்பஸ்தர் என்றால் வாங்கவே மாட்டார். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். நடுவில் நிற்கிறவர்களுக்குப் போவதுதான் பெரிய தொகை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே ஆரம்பிக்கலாம். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதாக ஆர்.சி.யில் போட்ட குறிப்பு) இருக்கிறதா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, இ-சலான் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடன் கட்டி முடித்தும் ஹெச்.பி. நீக்காத வண்டிகள் நிறைய. அப்படியானால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் 35-ம் நம்பர் பாரமும் வேண்டும். சேஸிஸ் நம்பரில் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறிய பிறகு இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு வர வேண்டும், அதற்கு 14 நாள் கெடு. 2016-ல் பதிவான வண்டி என்பதால் ஆர்.சி. 2031 வரை செல்லும். விளம்பரத்தில் இதைக் கட்டாயம் போடுங்கள், பெயிண்ட்டைவிட அதிகமாக விலை பேசுகிற வரி அது.

எப்போது விற்பது? ஆடியில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி வாங்கமாட்டார்கள். வியாபாரிகள் நாங்கள் வாங்குகிற மாதங்கள் அவை! ஆவணி பிறந்ததும் விளம்பரம் கொடுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி போனஸ் வரை நல்ல ஓட்டம் இருக்கும், அடுத்து தை. பார்க்க வருகிறவர் வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காதீர்கள். வந்ததும் அவர் சைலன்சரைத் தொட்டுப் பார்ப்பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார். ஆறிக் கிடக்கிற வண்டி அவர் முன்னால் ஒரே தட்டில் கிளம்பினால் பாதி பேரம் முடிந்த மாதிரி. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது அவர் வந்த வண்டியின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். பணம் முழுசாக வந்து, தேதியும் நேரமும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகே வண்டி வாசலைத் தாண்டட்டும். அந்த நேரத்துக்குப் பிறகு அவர் சிக்னலில் நிற்காமல் போனாலும் சலான் யாருக்கு என்பதில் சண்டை வராது.

தொழிலாகச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு வண்டியில் உங்களுக்கு மிஞ்சப்போவது நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம். அதுவும் உங்கள் அலைச்சலுக்குக் கூலி போடாமல். வருஷத்துக்கு ஒன்று இரண்டு என்றால் பொழுதுபோக்கு. தொடர்ந்து வாங்கி விற்பதென்றால் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி பழைய வண்டி வியாபாரிக்குப் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அதை வாங்கிவிட்டால் ஒரு வசதியும் உண்டு. வண்டி உங்கள் கைக்கு வந்ததைத் தளத்தில் தெரிவித்ததும், விற்கும் வரை நீங்களே அதன் உரிமையாளராகக் கருதப்படுவீர்கள், ஒவ்வொரு வண்டியையும் உங்கள் பெயருக்கு மாற்றி ஓனர் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை. ஆனால் முதலில் இந்த அவெஞ்சரை விற்று முடியுங்கள். கையில் எவ்வளவு நின்றது என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

நாளைக்கே பழைய ஓனருக்கு போன் போடுங்கள். பெயர் மாற்றத்துக்கு அவருடைய ஆதார், போன் நம்பர், ஓ.டி.பி. எல்லாம் தேவைப்படும், அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. பேசும்போது இரண்டாவது சாவியையும் சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டி.வி. மேஜை டிராயரில்தான் கிடக்கும்.